பிராட்வே ரெவ்யூ எங்கே போனது?

பிப்ரவரி 3

வாசகர் ஒருவரின் கேள்வி: "1920களில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ரெவ்யூ கொடிகட்டிப் பறந்தது என்கிறார்கள். தொடர்கதை கிடையாது, பாட்டு, நடனம், சின்னச் சின்ன நகைச்சுவை நாடகம் எல்லாம் கலந்து ஒரு மாலைப்பொழுது. 1960 வாக்கில் பார்த்தால் ஆளையே காணோம். டிவி வந்தது, மக்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், மேடை படுத்துவிட்டது. இவ்வளவுதானே? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. முதலில் காலக்கணக்கே உதைக்கிறது. பிராட்வேயில் புதுத் தயாரிப்புகள் உச்சத்தைத் தொட்டது 1927-28 பருவத்தில். அந்த ஒரு பருவத்தில் மட்டும் 260க்கு மேல் அரங்கேறின. அதன் பிறகு இறங்குமுகம்தான். 1950களில் ஆண்டுக்கு அறுபது எழுபது வந்தாலே பெரிது. ஆனால் அமெரிக்க வீடுகளுக்குள் டிவி நுழையத் தொடங்கியதே 1948ஐ ஒட்டித்தான். 1950இல்கூட நூறு வீட்டில் ஒன்பது வீட்டில்தான் பெட்டி இருந்தது. சரிவின் பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

அந்தச் சரிவுக்குக் காரணம் பேசும் படமும் 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியும். பேசும் படமான 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது 1927 அக்டோபரில், அதாவது உச்சப் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே. நாடு முழுக்க அரங்குகளைக் கையில் வைத்திருந்த ஷூபர்ட் சகோதரர்களின் நிறுவனம் 1931இல் கடன் தாங்காமல் நீதிமன்றப் பொறுப்பில் போனது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நாடகம் சுருங்கிய கதையும் ரெவ்யூ மறைந்த கதையும் ஒன்றல்ல. அந்தப் பஞ்ச காலத்தில்தான் ரெவ்யூ தன் மிகச் சிறந்த வேலையைச் செய்தது.

பிப்ரவரி 3, இரவு

ரெவ்யூவைத் தொடங்கி வைத்தவர் தயாரிப்பாளர் ஸிக்ஃபெல்ட் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அமெரிக்காவின் முதல் ரெவ்யூ என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1894இல் கேஸினோ தியேட்டரில் வந்த 'தி பாஸிங் ஷோ'. ஃப்ளோரென்ஸ் ஸிக்ஃபெல்ட் பாரிஸின் கேளிக்கை அரங்கான ஃபோலி பெர்ஷேரைப் பார்த்து 'ஃபாலீஸ்' என்ற ரெவ்யூவைத் தொடங்கியது 1907இல், ஒரு தியேட்டரின் மொட்டைமாடித் தோட்டத்தில். அதை ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவாக மாற்றியதுதான் அவர் சாதனை. 1913 முதல் 42ஆம் தெருவில் நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டர் அதன் வீடானது.

ஸிக்ஃபெல்ட் என்றாலே இறகுத் தொப்பி வைத்த பெண்கள் மாடிப்படி இறங்கும் படத்தைத்தான் போடுவார்கள். நான் அவரிடம் மதிப்பது வேறொன்று. 1910இல் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் பெர்ட் வில்லியம்ஸை அவர் சேர்த்துக்கொண்டபோது, உடன் நடிக்க மாட்டோம் என்று சிலர் முரண்டு பிடித்தார்கள். ஸிக்ஃபெல்ட் விட்டுக்கொடுக்கவில்லை. அதே 1910இல்தான் ஃபேனி ப்ரைஸும் ஃபாலீஸுக்குள் வந்தார். பின்னால் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், வில் ராஜர்ஸ், எடி கேன்டர். அரை நூற்றாண்டு அமெரிக்கச் சிரிப்பின் பெரும்பங்கு அந்த ஒரே மேடையில் பழகியது.

பிப்ரவரி 4

வாட்வில்லுக்கும் ரெவ்யூவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவருக்கு: வாட்வில்லில் ஒவ்வொரு குழுவும் தன் பத்து நிமிடத்தைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகும். முன்னால் நாய் வித்தை, பின்னால் பாடகர், ஒருவருக்கு மற்றவர் யாரென்றே தெரியாது. ரெவ்யூ அப்படியல்ல. ஒரே தயாரிப்பாளர், ஒரே இயக்குநர், ஒரே நடிகர் குழு. முழு மாலையும் அதற்கென்றே எழுதப்படும். முதல் காட்சியில் போலீஸ்காரராக வந்தவர் நாலாவது காட்சியில் மாமியாராக வருவார். வாட்வில்லின் தலைமைப் பீடமான பேலஸ் தியேட்டர் தன் பழைய முறையை 1932இல் கைவிட்டது. ரெவ்யூ அதைத் தாண்டி வாழ்ந்தது.

பிப்ரவரி 5

பஞ்ச காலத்தில்தான் ரெவ்யூவின் சிறந்த வேலை என்றேன். அந்த 1930களுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகவே எழுத வேண்டும்.

காசு வற்றியதும் இறகும் மாடிப்படியும் போயின. 1920களின் பெரிய வரிசைகளான ஃபாலீஸ், ஜார்ஜ் வைட்டின் 'ஸ்கேண்டல்ஸ்', ஏர்ல் கேரலின் 'வேனிட்டீஸ்' எல்லாம் தள்ளாடின. ஸிக்ஃபெல்ட் 1932இல் கடனோடு செத்தார். அந்த இடத்தில் சின்ன ரெவ்யூ வந்தது: குறைந்த ஆள், கூர்மையான எழுத்து. 1931இல் 'தி பேண்ட் வேகன்' வந்தது. ஃப்ரெட் அஸ்டேரும் அக்கா அடேலும் சேர்ந்து ஆடிய கடைசி பிராட்வே மேடை அது. அதில் சுழல்மேடையை ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே பயன்படுத்தினார்கள்.

என் மனசில் நிற்பது 1933இல் மியூஸிக் பாக்ஸ் தியேட்டரில் வந்த 'ஆஸ் தௌசண்ட்ஸ் சியர்'. இர்விங் பெர்லின் பாட்டு, மாஸ் ஹார்ட் எழுத்து. மாலை முழுவதும் ஒரு செய்தித்தாள் மாதிரி அமைந்திருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒரு தலைப்புச் செய்தி வரும். வானிலை அறிக்கை ஒரு பாட்டு. பணக்கார வீட்டு வம்பு ஒரு ஸ்கெட்ச், அதாவது சின்ன நகைச்சுவை நாடகம். ஜனாதிபதி மாளிகையைக் காலி செய்யும் ஹூவர் தம்பதி ஒரு ஸ்கெட்ச். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த தலைப்பு விழுகிறது: அடையாளம் தெரியாத ஒரு கறுப்பரை வெறிபிடித்த கூட்டம் அடித்துக் கொன்றுவிட்டது. கறுப்பினப் பாடகி எதெல் வாட்டர்ஸ் வருகிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேசையில் தட்டு வைக்க வேண்டிய நேரம். அவர் புருஷன் இனி வீடு திரும்பப்போவதில்லை. பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று பாடுகிறார். பாட்டு முடிந்ததும் மறுபடி வேறு தலைப்பு, வேறு காட்சி.

அந்த மேடையில் வெள்ளை நட்சத்திரங்களுக்குச் சமமாகத் தன் பெயரும் போடப்பட்டு நின்றவர் எதெல் வாட்டர்ஸ். 1933இல். கதையுள்ள நாடகமாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு முன்கதை வேண்டும், கொலைக்கு ஒரு காரணம் வேண்டும், கடைசியில் ஏதோ ஒரு ஆறுதலும் வேண்டும். ரெவ்யூ எதையும் தரவில்லை. ஒரு நாளிதழின் ஒரே பக்கத்தில் தொப்பி விளம்பரமும் கொலைச் செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் அல்லவா, அதை அப்படியே எடுத்து மேடையில் வைத்தது. 400 காட்சிகள் ஓடியது. வேலையில்லாதோர் வரிசை தெருவை வளைத்து நின்ற காலத்தில்.

பிப்ரவரி 5, பின்னிரவு

இன்று எழுதியதில் விட்டுப்போனது. கதை இல்லாததால் ரெவ்யூவால் செய்தியைத் துரத்த முடிந்தது. ஒரு பாட்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றைச் செருகினால் மற்றது குலையாது. நாடகத்தில் இரண்டாம் அங்கத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடியுமா?

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. 1937 நவம்பர். தயாரித்தது பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம். நடித்தவர்கள் உண்மையான தையல் தொழிலாளர்கள்: துணி வெட்டுகிறவர்கள், மெஷின் மிதிக்கிறவர்கள். பகலெல்லாம் பட்டறையில் வேலை, சாயங்காலம் ஒத்திகை. இடம், பழைய பிரின்ஸஸ் தியேட்டர். அப்போது சங்கத்தின் கையில் இருந்தது, 300 பேர்கூட உட்கார முடியாத சின்ன அரங்கு. வார நாளில் வேலைக்குப் போக வேண்டியதால் முதலில் வாரக் கடைசியில் மட்டும் ஆடினார்கள். கூட்டம் தாங்காமல் பிறகு தினசரிக் காட்சியானது. ஹெரால்ட் ரோம் பாட்டு எழுதினார். ஐரோப்பாவில் நிலைமை மாற மாற வரிகளும் பாத்திரங்களும் மாறின. 1938இல் வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட் முன்னால் ஆடினார்கள். மொத்தம் 1,108 காட்சிகள்.

தொழில்முறை நடிகர் ஒருவர்கூட இல்லாமல் தொடங்கிய ஒரு ரெவ்யூ. நாடகமே செத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் பத்தாண்டில்.

பிப்ரவரி 7

"நீங்கள் இதெல்லாம் புத்தகத்தில் படித்தது. ஸ்கெட்ச் என்பது அப்படி என்ன பெரிய கலை? டிவியில் ஐந்து நிமிடம் பார்க்கிறோமே" என்று ஒருவர். நியாயமான கேள்விதான்.

மன்ஹாட்டனின் தென்பகுதியில் ஒரு சின்ன அரங்கில் சில காலம் லைட் போர்டில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து செய்ததுதான், சம்பளம் கிடையாது. அங்கே ஒரு ஸ்கெட்ச் ரெவ்யூ போட்டார்கள். அந்த வகையின் அடிப்படை உத்தி பிளாக்அவுட். கடைசி வரியில் சிரிப்பு வெடிக்க வேண்டும், அதே நொடியில் விளக்கு மொத்தமும் அணைய வேண்டும். விளக்கு அரை நொடி முந்தினால் கடைசிச் சொல் இருட்டில் கரைந்துபோகும். அரை நொடி பிந்தினால் நடிகர் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். வந்த சிரிப்பு பாதியிலேயே இறங்கிவிடும். காதில் மாட்டிய கருவியில் மேடை மேலாளர் "ஸ்டாண்ட்பை" என்பார். விரல் பொத்தான் மேல் காத்திருக்கும். "கோ" என்பது கடைசிச் சொல்லுக்கு முந்தின சொல்லிலேயே வர வேண்டும், காதிலிருந்து விரலுக்குப் போக நேரம் ஆகுமே.

ஒரு ஸ்கெட்ச்சில் தபால் ஆபீஸ் ஜன்னல். பார்சல் அனுப்ப வந்த அம்மா, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மறுக்கிறார். ஒத்திகையில் எங்களுக்கே வயிறு வலித்தது. முதல் வாரம் சபையில் ஓர் அசைவும் இல்லை. எழுதியவர் பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு தினமும் உட்கார்ந்து, யார் எங்கே இருமுகிறார்கள் என்பதைக்கூடக் குறித்துக்கொண்டார். கடைசிக்கு முந்தின வரியை வெட்டினார். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அந்த அம்மாவை உட்காரவைத்தார். அவ்வளவுதான், கூரை அதிர்ந்தது. ஏன் என்று இன்றுவரை என்னால் விளக்க முடியாது. உட்கார்ந்த மனுஷிக்கு அவசரம் இல்லை, அதனால் பிடிவாதம் இன்னும் தெரிகிறது போல.

இந்த வேலைக்குத் தினமும் புதுச் சபை வேண்டும். அந்தக் காலத்துப் பிராட்வே ரெவ்யூ நியூயார்க்குக்கு வருவதற்கு முன் பாஸ்டன், ஃபிலடெல்பியா, நியூ ஹேவன் என்று வெளியூர்களில் வாரக்கணக்கில் ஆடிப் பார்த்தது இதற்காகத்தான். ஒவ்வொரு இரவும் ஆட்டம் முடிந்து ஓட்டல் அறையில் எழுதுவார்கள், அடிப்பார்கள், வரிசையை மாற்றுவார்கள். நிகழ்ச்சி வரிசை என்பதே தனிக் கலை. பெரிய செட் மாற்றும்போது முன்திரைக்கு முன்னால் இரண்டு பேர் நின்று பேசும் ஒரு ஸ்கெட்ச் தேவை. பின்னால் ஆட்கள் சத்தமில்லாமல் பலகை தூக்குவார்கள். முன்னால் இருப்பவர்கள் அந்த நேரம் முழுவதையும் சிரிப்பால் மூட வேண்டும். செட் மாற்ற எவ்வளவு நேரமோ அவ்வளவு நீளம்தான் ஸ்கெட்ச்.

பிப்ரவரி 8

இப்போது டிவிக்கு வருகிறேன். அந்தச் சிறு அரங்குக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு.

பென்சில்வேனியாவில் பொக்கோனோ மலைப் பக்கம் டாமிமென்ட் என்று ஒரு கோடைவாசஸ்தலம். அங்கே மேக்ஸ் லீப்மன் என்பவர் 1930களில் வாராவாரம் ஒரு புது ரெவ்யூ போட்டார். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு சனிக்கிழமை இரவுப் பொழுதுபோக்கு. டேனி கே, இமோஜின் கோக்கா, நடன அமைப்பாளராகப் பின்னால் பெயரெடுத்த ஜெரோம் ராபின்ஸ் எல்லாரும் அங்கே பழகியவர்கள். அதன் தேர்ந்த பகுதிகள் 1939இல் 'ஸ்ட்ரா ஹாட் ரெவ்யூ' என்று பிராட்வேக்கே வந்தன.

1949 ஜனவரியில் இதே லீப்மன், இதே முறையை, இமோஜின் கோக்காவையும் நகைச்சுவை நடிகர் சிட் சீஸரையும் வைத்து டிவிக்குக் கொண்டுபோனார். பெயரைப் பாருங்கள்: 'அட்மிரல் பிராட்வே ரெவ்யூ'. ஒளிபரப்பானது கொலம்பஸ் சர்க்கிளில் இருந்த இன்டர்நேஷனல் தியேட்டரிலிருந்து. உண்மையான மேடை, உண்மையான சபை, நேரடி ஒளிபரப்பு. சீஸர் பின்னாளில் சொன்ன கதை: அட்மிரல் டிவிப் பெட்டி செய்யும் கம்பெனி. நிகழ்ச்சி பார்த்துவிட்டுப் பெட்டி கேட்டுக் கூட்டம் குவிந்ததாம், தொழிற்சாலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் பணத்தைத் தொழிற்சாலைக்குப் போட்டுவிட்டார்கள். அரை வருஷத்துக்குள் நிகழ்ச்சி நின்றது. 1950 பிப்ரவரியில் அதே குழு 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' என்று திரும்பி வந்தது. சனிக்கிழமை இரவு, 90 நிமிடம், நேரடி, ஆண்டுக்கு 39 வாரம்.

90 நிமிடம் என்பது கிட்டத்தட்ட ஒரு மேடை ரெவ்யூவின் முழுச் சரக்கு. மேடையில் அதைத் தயாரிக்க மாதக்கணக்கு, ஆடித் தீர்க்க ஒரு வருஷம். டிவியில் ஏழு நாள். சனிக்கிழமை இரவு முடிந்ததும் அது தீர்ந்தது. நாடே பார்த்துவிட்ட ஸ்கெட்ச்சுக்கு அப்புறம் டிக்கெட் விற்க முடியாது.

ஆகவே என் கட்சி இதுதான். ரெவ்யூவின் பார்வையாளரை டிவி கொண்டுபோனது இரண்டாம்பட்சம். முதலில் கொண்டுபோனது அதன் எழுத்தாளர்களையும் நகைச்சுவை நடிகர்களையும். டாமிமென்டிலிருந்து மெல் டோல்கின், லூசில் காலன். வேறு இடங்களிலிருந்து மெல் ப்ரூக்ஸ், நீல் சைமன். பத்து வருஷம் முன்னால் பிறந்திருந்தால் இவர்கள் பேர் பிராட்வே நிகழ்ச்சி நிரலில் இருந்திருக்கும். சிட் சீஸரே 1948இல் 'மேக் மைன் மன்ஹாட்டன்' என்ற ரெவ்யூவில் நடித்துக்கொண்டிருந்தவர்தான். நிரந்தரச் சம்பளம், நாடு தழுவிய பேர். யாரால் மறுக்க முடியும்? அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

பிப்ரவரி 8, மாலை

டிவி கட்டடங்களையும் கொண்டுபோனது. பிராட்வேயில் 53ஆம் தெருப் பக்கம் 1927இல் ஹேமர்ஸ்டீன் பெயரில் கட்டிய தியேட்டர், 1950 முதல் சிபிஎஸ் நிறுவனத்தின் டிவி ஸ்டூடியோ. எட் சல்லிவனின் டிவி நிகழ்ச்சி நடந்தது அங்கேதான். ராக்ஃபெல்லர் சென்டரின் சென்டர் தியேட்டர் 1950இல் இன்னொரு டிவி நிறுவனமான என்பிசி கைக்குப் போய், 1954இல் இடிக்கப்பட்டது. லீப்மன் ஒளிபரப்பிய இன்டர்நேஷனல் தியேட்டரும் அதே 1954இல் தரைமட்டம். ஸிக்ஃபெல்ட் தன் பேரில் 1927இல் கட்டிக்கொண்ட தியேட்டர் 1933இல் சினிமாக் கொட்டகை, பிறகு மறுபடி மேடை, 1955 முதல் சில ஆண்டு என்பிசி, 1966இல் இடிப்பு.

மனசு கனக்கிறது. நியூ ஆம்ஸ்டர்டாமாவது மேடையாகத் தப்பித்தது. 1937இல் சினிமாக் கொட்டகையாகி, பிறகு பாழடைந்து, டிஸ்னி செப்பனிட்டு 1997இல் மறுபடி திறந்தது. போனால் நாடகம் தொடங்க அரை மணி முன்னாலேயே உள்ளே போய்விடுங்கள். சுவரில் ஓடும் கொடியும் பூவுமான வேலைப்பாட்டைப் பார்க்க அந்த நேரம் வேண்டும்.

பிப்ரவரி 10

ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "ஒக்லஹோமாவை மறந்துவிட்டு டிவியைப் பற்றியே பேசுகிறீர்கள்."

மறக்கவில்லை, அதற்குத் தனி இடம் வேண்டும் என்று வைத்திருந்தேன். 1943 மார்ச் 31, 'ஒக்லஹோமா!' என்ற கதையுள்ள மியூஸிக்கல். இசை ராட்ஜர்ஸ், எழுத்து ஹேமர்ஸ்டீன். 2,212 காட்சிகள். பாட்டு, நடனம் எல்லாம் கதைக்குள் கரைந்து பாத்திரத்தின் வாயிலிருந்து வர வேண்டும் என்பது இதன்பின் எழுதாத சட்டமாகிவிட்டது. நாயகனாக நடித்த ஆல்ஃப்ரெட் டிரேக் நாலு வருஷம் முன்னால் 'ஸ்ட்ரா ஹாட் ரெவ்யூ'வில் நடித்தவர். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் பேர் வாங்கியதே 1925இல் 'கேரிக் கெய்ட்டீஸ்' என்ற இளைஞர் ரெவ்யூவில்தான், அப்போது லோரென்ஸ் ஹார்ட்டோடு. இர்விங் பெர்லினும் 1946இல் 'அன்னி கெட் யுவர் கன்' என்று கதையின் பக்கம் போனார்.

ஆனால் ரசனை மாறியது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. காசுக் கணக்கைப் பாருங்கள். கதையுள்ள மியூஸிக்கல் ஓடி முடிந்ததும் அதற்கு இன்னொரு ஆயுள் தொடங்குகிறது: சினிமா உரிமை, வெளியூர்க் குழு, பாட்டுத் தட்டு, நாடு முழுக்க உள்ள பள்ளிக்கூடங்களும் உள்ளூர்க் குழுக்களும் கட்டும் உரிமைத் தொகை. 'ஒக்லஹோமா!' பாட்டுத் தட்டு 1943இலேயே டெக்கா நிறுவனம் வெளியிட்டுப் பெரிதாக விற்றது. ரெவ்யூவுக்கு இந்தப் பின்வாழ்க்கை கிடையாது. போன வருஷத்து மேயரைக் கிண்டலடிக்கும் ஸ்கெட்ச்சை இந்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடம் போடும்? நட்சத்திர நடிகர் விலகினால் நிகழ்ச்சியே படுத்துவிடும். செலவோ குறைவில்லை, காட்சிக்குக் காட்சி புது செட், புது உடை. முதல் போடுகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதில் போடுவார்? எதைச் செய்தியோடு ஒட்டி உயிரோடு வைத்ததோ, அதுவே ரெவ்யூவின் முதலீட்டு மதிப்பைத் தின்றது.

பிப்ரவரி 11

இரண்டு நாளாக இதை யோசித்ததில் என் கட்சியை இப்படிக் கொஞ்சம் திருத்தி அடுக்குவேன். பணம் 1943க்குப் பிறகு கதையின் பக்கம் போனது. திறமை 1949க்குப் பிறகு டிவியின் பக்கம் போனது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் ரெவ்யூ தாங்கியிருக்கும். ஏனென்றால் 1943க்குப் பிறகும் அது நன்றாகவே ஓடியது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பற்றிய 'கால் மீ மிஸ்டர்' 1946இல் வந்து 734 காட்சிகள் போனது. ஃபாலீஸிலேயே மிக நீண்ட ஓட்டம் 1943 பதிப்புக்குத்தான், 553 காட்சிகள், அதே 'ஒக்லஹோமா!' வந்த வருஷம். பார்க்க ஆள் இருந்தது.

பிப்ரவரி 11, இரவு

"1938இல் வந்த ஹெல்ஸாபாப்பினை விட்டுவிட்டீர்களே!" சரி. ஓல்சனும் ஜான்சனும் போட்ட கூத்து, 1,404 காட்சிகள். சபைக்குள் ஒருவர் செடி ஒன்றை வைத்துக்கொண்டு யாரையோ தேடி வருவார். நிகழ்ச்சி போகப் போக மறுபடி மறுபடி வருவார், ஒவ்வொரு தடவையும் செடி வளர்ந்திருக்கும். ஆட்டம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்தால் முன்கூடத்தில் அவர் மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். வேடிக்கையாகவும் இருக்கிறது, பிரமிப்பாகவும் இருக்கிறது. ஒரு சிரிப்புக்கு அடித்தளம் போட்டுவிட்டு, மாலை முழுவதும் பொறுமையாகக் காத்திருந்து, கதவுக்கு வெளியே கொண்டுபோய் முடிக்கிறார்கள்.

பிப்ரவரி 13

கடைசிக் காலம் பற்றிக் கேட்டார்கள். சுருக்கமாக.

1952: லெனார்ட் சில்மனின் 'நியூ ஃபேசஸ்'. எர்த்தா கிட், பால் லிண்ட், ஆலிஸ் கோஸ்ட்லி, ஒரு ஸ்கெட்ச் எழுதிய மெல் ப்ரூக்ஸ். 365 காட்சிகள். அதில் மின்னியவர்கள் பலரை அடுத்த பத்தாண்டில் டிவியில்தான் பார்க்க முடிந்தது.

1957: ஃபாலீஸின் பொன்விழாப் பதிப்பு, பியட்ரிஸ் லில்லி இருந்தும் 123 காட்சிகள்.

1960: 'ஃப்ரம் ஏ டு ஸீ'. வுடி ஆலன் ஸ்கெட்ச் எழுதினார், ஹெர்மியோனி கிங்கோல்ட் நடித்தார். 21 காட்சிகள். அப்போது நூறு வீட்டில் 87 வீட்டில் டிவி வந்துவிட்டது.

பிப்ரவரி 14

"அப்படியானால் ரெவ்யூ சாகவில்லை, டிவியில் வாழ்கிறது, 1975இலிருந்து சாட்டர்டே நைட் லைவ் என்ற ஸ்கெட்ச் நிகழ்ச்சி ஓடுகிறதே, இதில் என்ன நஷ்டம்?"

அந்த நிகழ்ச்சியை நானும் விரும்பிப் பார்க்கிறேன். சிகாகோவில் 1959இல் தொடங்கிய செகண்ட் சிட்டி மாதிரி மேடைகள் நடிகர்களைப் பழக்கி அனுப்பியதால்தான் அதுவும் நிற்கிறது. என் வருத்தம் வேறு இடத்தில். அந்தத் தபால் ஆபீஸ் ஸ்கெட்ச் டிவியில் போயிருந்தால் முதல் இரவோடு குப்பைக்குப் போயிருக்கும். அந்த அம்மா உட்காரவே மாட்டார். ஒரே வரியை நூறு சபை முன்னால் சொல்லிப் பார்த்துச் செதுக்கும் வாய்ப்பு போனது பெரிய நஷ்டம். இன்னொன்று, எதெல் வாட்டர்ஸ் பாட்டு. விளம்பரதாரர் தயவில் ஓடிய 1950களின் டிவியில், நகைச்சுவை நிகழ்ச்சி நடுவில் அப்படியொரு பாட்டை யார் அனுமதித்திருப்பார்கள்? தெற்கு மாநில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்துவிடும் என்ற பயம் எந்த நிறுவனத்துக்கும் இருந்தது. மியூஸிக் பாக்ஸில் பெர்லின் தன் பாட்டைத் தன் சொந்த மேடையில் வைத்தார். அந்தத் தியேட்டரின் பங்குதாரரே அவர்தான். கேட்க ஆள் இல்லை.

பிப்ரவரி 15

1978இல் 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' வந்து ரெவ்யூ திரும்பிவிட்டதே என்பவர்களுக்கு: ஃபேட்ஸ் வாலரின் பாட்டுகளைத் தொகுத்த அருமையான நிகழ்ச்சி. அதன் பின் அந்த மாதிரி நிறைய வந்தன. ஆனால் அவை பழைய பாட்டுகளின் தொகுப்பு. காலையில் பேப்பரில் வந்ததை இரவில் மேடையேற்றும் ரெவ்யூ வேறு. நான் தேடுவது அதை.

பிப்ரவரி 16

எங்கே பார்ப்பது, கேட்பது என்று பல பேர். லிங்கன் சென்டரில் உள்ள நிகழ்கலை நூலகத்தில் பழைய நிகழ்ச்சி நிரல்களும் படங்களும் இருக்கின்றன. பொதுமக்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நாடகங்களை அங்கே படம்பிடித்து வைக்கத் தொடங்கியது 1970இல்தான், ஆகவே 1930களின் ரெவ்யூ எதையும் ஓடும் படமாக எதிர்பார்க்காதீர்கள். நிரலை வரிசையாகப் படியுங்கள். யார் எந்தக் காட்சியில் வருகிறார், அடுத்தது எத்தனை காட்சி தள்ளி வருகிறார், நடுவில் உடை மாற்ற நேரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தால் அந்த இரவின் ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும்.

'தி பேண்ட் வேகன்' பாட்டுகளை 1931இலேயே அஸ்டேர் அக்கா தம்பியை வைத்து விக்டர் நிறுவனம் பதிவு செய்தது. 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' பாட்டுகள் 1962இல் இருபத்தைந்தாம் ஆண்டுக்காகப் பதிவாயின, பாடியவர்களில் அப்போது இருபது வயதான பார்ப்ரா ஸ்ட்ரைஸண்டும் உண்டு. 'நியூ ஃபேசஸ்' 1954இல் படமாக வந்தது, வண்ணம், சினிமாஸ்கோப். மேடையில் இருந்ததில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. கடன்காரர்கள் நிகழ்ச்சியை நிறுத்த வருகிறார்கள் என்று மெல்லிசாக ஒரு கதையை மட்டும் ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதிகளைத் தள்ளிவிடுங்கள். எர்த்தா கிட் ஒரு சாய்வு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டே, உலகமே தனக்குச் சலித்துவிட்டதாகப் பாடும் இடத்துக்கு நேராகப் போங்கள்.